புன்னைக்காயல் வரை எண்பது கிலோமீட்டர்

இந்தப் பயணம் டான்யூப் ஆற்றங்கரையில் நடந்திருக்க வேண்டியது. தாமிரபரணிக் கரையில் நடந்ததற்குக் காரணம் எனக்கு விசா கிடைக்காததுதான்.

என் அண்ணன் செல்வின் முப்பது வருடமாக ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் இருக்கிறான். இன்ஜினியர், வயது ஐம்பத்தெட்டு. நான் அவனுக்கு ஆறு வயது இளையவள், நாசரேத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் ஊர் வழியாகத்தான் டான்யூப் ஓடுகிறது. ஆற்றை ஒட்டியே சைக்கிளுக்கென்று தனிப்பாதை, பெரும்பாலும் கார் எட்டிப் பார்க்காத பாதை. கூட வழிகாட்டி யாரும் வரமாட்டார். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள், பெட்டியை மட்டும் ஒரு வேன் அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். போன செப்டம்பரில் நானும் அவனும் நாலு நாள் ஓட்டுவதாக ஏற்பாடு. விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம் என்று வந்த தாளை நாலு முறை படித்தேன், கணக்கு டீச்சருக்கும் விளங்கவில்லை.

நான் அதோடு விட்டிருப்பேன். அண்ணன் விடவில்லை. உங்க ஊரிலும்தான் ஆறு ஓடுகிறது என்று போனில் சொல்லிவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு வந்து இறங்கிவிட்டான். ஆஸ்திரியாக்காரியான அண்ணி வரவில்லை. திட்டம் அவனுடையது: திருநெல்வேலியில் ஆரம்பித்து ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை, இரண்டு பகல், நடுவில் ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இரவு. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கியர் சைக்கிள் இரண்டு வாடகைக்கு எடுத்தோம், ஒன்றுக்கு நாளைக்கு 350 ரூபாய். பெட்டிகளைக் கொண்டுவர இசக்கி என்பவரின் லோடு ஆட்டோ, இரண்டு நாளுக்கு 2,400.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. அண்ணன் டயர் காற்றை அளந்து, பிரேக்கைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி முடிக்கும்போது மணி 7.40. வெயில் ஏறிவிட்டது. அப்புறம் அவன் இரண்டு விதி சொன்னான். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. எப்போதும் நான் அவனுக்கு முன்னால் போக வேண்டும். முதல் விதி திமிர் என்று நினைத்தேன். இரண்டாவது, முள்ளெல்லாம் முதலில் என் டயரில் ஏறட்டும் என்பதற்காக என்று நினைத்தேன்.

முள்ளுக்குக் குறைவில்லை. அவன் போனில் ஆற்றின் வடகரையோரம் அழகாக ஒரு பச்சைக்கோடு ஓடியது. தரையில் அந்தக் கோடு சீமைக் கருவேலங்காடு. கரை முழுக்க முள், நடுநடுவே வெள்ளம் அரித்துக்கொண்டு போன பள்ளம். ஒன்பதரை மணிக்குள் மூன்று பஞ்சர், மூன்றும் எனக்கு. மூன்றாவது பஞ்சருக்குப் பிறகு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் நான் வழி கேட்டேன். அவர் கை காட்டிய தார்ச்சாலை இருநூறு அடியில் இருந்தது. விதியை மீறினேன் என்று அண்ணன் நாலு கிலோமீட்டர் என்னோடு பேசவில்லை. பேசாதது நிம்மதியாக இருந்தது. பேசினால் டான்யூப் பற்றித்தான் பேசுவான். அங்கே பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு காபிக்கடையாம், சைக்கிள் நிறுத்த நிழலாம், குழாயில் குடிக்கிற தண்ணீராம். எனக்கு அதையெல்லாம் பார்க்க விசா இல்லை என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

34 கிலோமீட்டர் என்று போட்ட கணக்கு 46 ஆகி, ஸ்ரீவைகுண்டம் லாட்ஜுக்கு 2.15க்குப் போய்ச் சேர்ந்தோம். அறை 900 ரூபாய், சுத்தமாக இருந்தது. பெட்டி இல்லை. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் என்று அண்ணன் இசக்கியிடம் சொல்லியிருக்கிறான். அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற பெருமாள் கோயில்கள் ஒன்பது. இசக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆழ்வார்திருநகரியில் ஒரு கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு, தூங்கி, நாலரை மணிக்கு வந்தார். உப்புப் பூத்த உடையோடு இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அறைக் கதவு நிலையில் தோளை இரண்டு முறை இடித்துக்கொண்டான். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் 6.20க்குக் கிளம்பினோம். அணைக்கட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கொக்குகள் வரிசையாக நின்றன. இரண்டு நாளில் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்த முதல் இடம் அது. நின்று பார்க்கத்தக்க இடம்தான். ஆனால் இன்றைக்கு நீயே முன்னால் போ, எனக்குப் பஞ்சர் போதும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பின்னால் தங்கிக்கொண்டேன். அவன் இரண்டு முறை மறுத்தான். நான் சைக்கிளை விட்டு இறங்கியே நின்றதும் போனான்.

ஏரலுக்குத் திரும்ப இடதுபக்கம் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதைத் தாண்டிப் போனான். கூப்பிட்டுத் திருப்பினேன். திரும்பி வந்தவன் மறுபடி தாண்டிப் போனான். 13 கிலோமீட்டர் 16 ஆனது. ஏரல் கடைத்தெருவில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த வாழைத்தாரில் ஹேண்டிலைக் கொண்டுபோய் முட்டினான். கடைக்காரர் பெருந்தன்மையாகத் தாரை நகர்த்தி வைத்துக்கொண்டார். நான்தான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஐரோப்பாவில் இருந்து வந்தால் தெரு உனக்காக ஒதுங்கிக்கொள்ளுமா என்று கேட்டேன். அவன் சிரித்துச் சமாளித்துவிட்டு, கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டான். இட்லியும் வடையும் இருவருக்கும் 110 ரூபாய்.

உமரிக்காடு தாண்டி முக்காணி வரை பத்துக் கிலோமீட்டர். இருபுறமும் வாழை, நல்ல சாலை. முக்காணியில் அந்தச் சாலை தூத்துக்குடி – திருச்செந்தூர் பெருஞ்சாலையில் போய் முட்டும். அங்கே வலதுபக்கம் திரும்பினால் ஆற்றுப் பாலம். மணி பத்தே முக்கால். அண்ணன் எனக்குப் பதினைந்து மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். சந்திப்பில் நிற்கவே இல்லை, நேராகச் சாலைக்குள் இறங்கினான்.

வலதுபக்கம் பாலத்திலிருந்து உப்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மறைக்க மரம் இல்லை, வளைவு இல்லை. எனக்கு அது முழுதாகத் தெரிந்தது. கூப்பிட்டேனா, இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை. பிரேக் கிறீச்சிட்டது, டயர் கருகும் நாற்றம் வந்தது. லாரி நின்றபோது அதன் முகப்புக்கும் அண்ணனின் பின்சக்கரத்துக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. அவன் தடுமாறிக் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். எழுந்தவன் முதலில் கேட்டது, இந்த லாரி எங்கேயிருந்து வந்தது என்றுதான்.

டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனுக்கு வலதுபக்கமாக வந்து, காதுக்கு ஓரடி தள்ளிக் கையை நீட்டி விரல்களை ஆட்டினார்.

"அண்ணாச்சி, நேரா பாருங்க. என் கை தெரியுதா?"

"எந்தக் கை?" என்றான் அண்ணன்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "லைசென்ஸுக்குக் கண்ணு பாக்கயில எங்களுக்கு இப்படித்தான் பாப்பாங்க. இவுகளுக்கு ஓரப் பார்வை இல்லம்மா. ரோட்டுல விடாதிய."

அவ்வளவுதான் சொன்னார். அவரே சைக்கிளை எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேரும் கேட்கவில்லை.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் முழங்காலைக் கழுவிக்கொண்டே சொன்னான். குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகிற வியாதி. இரண்டு வருடமாக. சொட்டு மருந்து போடுகிறான், ஆபரேஷனும் ஆகிவிட்டது. போன பார்வை திரும்பாது. நேராகப் பார்த்தால் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெளிவாகத் தெரியும். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டான். சைக்கிளையும் தொடக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். இங்கே தங்கச்சி காரில் கூட்டிப்போகிறாள் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு முந்தின நாள் முள்ளும் பெட்டியும் ஒன்றுமே இல்லை. "செத்திருந்தா அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அதுக்குத்தானளா உன்னய முன்னால போகச் சொன்னேன். உன் முதுகு தெரிஞ்சாப் போதும், நான் ஓட்டிருவேன். டான்யூப்லயும் அதுதான் நெனப்பு. வேற யாருகிட்டயும் கேக்க முடியல."

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

இசக்கி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கூப்பிட்டு, இரண்டு சைக்கிளையும் ஏற்றச் சொல்லியிருக்கலாம். அதுதான் புத்தியுள்ளவர்கள் செய்வது. மிச்சம் எட்டுக் கிலோமீட்டர். முதலில் அண்ணியைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல், பிறகு யோசிக்கலாம் என்றேன். கடைக்கு வெளியே நின்று பேசினான், ஜெர்மன் மொழியில். அந்தப் பக்கம் அழுகிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. போனை என்னிடம் கொடுத்தான். அண்ணிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். வண்டிகள் வராத பாதையா என்று கேட்டாள். பெருஞ்சாலையைத் தாண்டிவிட்டால் அவ்வளவாக வராது என்றேன். மெதுவாகப் போங்கள் என்றாள்.

பாலத்தில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஆத்தூரில் கிழக்கே புன்னைக்காயலுக்குப் பிரிகிற சாலையில் ஏறினோம். நான் முன்னால். அவன் பின்னால் இருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதனால் பத்து எண்ணுவதற்குள் ஒரு முறை மணி அடிக்கச் சொன்னேன். ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்கள், சேர்ந்தபூமங்கலம், அதைத் தாண்டி உப்புக்காற்று, எல்லாவற்றையும் அந்த மணிச் சத்தத்தோடுதான் கடந்தேன். மாடு வருது, பைக் வருது, இடதுபக்கம் பள்ளம் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு இடத்தில் மணி நின்றது. பதறித் திரும்பினால், நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். அதற்கும் கத்தினேன். எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

புன்னைக்காயல் மீனவர்களின் ஊர், பெரிய மாதா கோயில் இருக்கிறது. முகத்துவாரத்தில் ஆறு ஆறு மாதிரியே இல்லை. கலங்கலாகப் பரந்து, எந்த அவசரமும் இல்லாமல் கடலுக்குள் போய்விடுகிறது. படகுகள் கட்டிக் கிடந்தன. அண்ணன் கரையில் நின்று தலையை இடதுகோடியிலிருந்து வலதுகோடிவரை மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். மறுபடி வலதிலிருந்து இடதுக்கு. நமக்கு ஒரே பார்வையில் விழுந்துவிடுகிறதை அவன் துண்டுதுண்டாக எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். கால்மணி நேரம் பொறுத்தேன். பசிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஆற்றங்கரைப் பச்சைக்கோட்டை நம்பாதீர்கள், தார்ச்சாலையில் போங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான் இரண்டு செட் தேவை. பெட்டி வண்டிக்காரரிடம் லாட்ஜின் பெயரைச் சொல்லுங்கள், கோயிலின் பெயரைச் சொல்லாதீர்கள். தை, மாசி தவிர வேறு மாதம் வேண்டாம், காலை பதினொன்றுக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். வழி கேளுங்கள், எல்லோரிடமும் கேளுங்கள். முக்காணி சந்திப்பில் இறங்கி நில்லுங்கள். கூட வருகிறவரிடம் உடம்புக்கு என்ன என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் போக முடிந்தால் போங்கள்.

புன்னைக்காயலிலிருந்து திருச்செந்தூர் வரை சாலை எப்படி என்று கேட்பீர்கள். நேரம் இருந்தால் அதையும் ஓட்டுவதாகப் பேச்சு, பதினைந்து கிலோமீட்டர். இசக்கி வந்ததும் அண்ணன் தன் சைக்கிளைத் தானே ஏற்றினான். ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு, நான் இனிமே ஓட்டலளா, நீ போய்ட்டு வா என்றான். நல்ல காற்று, முதுகில் தள்ளுகிற காற்று. நான் என் சைக்கிளையும் ஏற்றிவிட்டு முன்சீட்டில் அவனுக்கும் இசக்கிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆகவே அந்தச் சாலை பற்றி என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. நான் ஓட்டவில்லை.