மலை பஸ்ஸில் ஏறியவர்கள்

ஒரு சினிமா ஓடியதா இல்லையா என்பதைத் தியேட்டர் எதிரே டீ குடிப்பவரே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அப்படி யாரும் கிடையாது. செய்தவள்தான் ராப்பகலாக விற்பனை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சென்னை வேலையை விட்டுவிட்டு, காட்டூர் வீட்டில் இரண்டு வருடம் ஒற்றை ஆளாக ஒரு விளையாட்டைச் செய்தேன். பச்சைமலைக்குப் போகும் ஒரே பஸ்ஸின் கண்டக்டர் நீங்கள். மரவள்ளிக்கிழங்கு மூட்டை, பிரசவ வலியில் ஒருத்தி, பரீட்சைக்குப் போகிறவன், எல்லாரும் நிற்பார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பதுதான் ஆட்டம். அடுத்த பஸ் மறுநாள்தான்.

வெளியிடும் முன்பே நானும் கணவரும் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். முதல் மாதத்தில் இத்தனை பேர் வாங்கினால் இன்னொரு விளையாட்டு செய்வேன். இல்லையென்றால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். எனக்காக அந்த இடத்தை மேனேஜர் இன்னும் காலியாக வைத்திருந்தார். கோடு ஒன்றும் பெரிதில்லை, ஒரு சின்னக் கல்யாண மண்டபம் நிறைகிற அளவுதான். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. முகம் தெரியாத அத்தனை பேர் காசு கொடுத்து ஏறினால் நான் செய்தது ஒரு பொருள்தான் என்று நம்பலாம், அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே கோடு தாண்டியது. கணவர் ஸ்வீட் வாங்கி வந்தார். நான் சிரித்தேன். அடுத்த விளையாட்டுக்கு ஒரு படம்கூட வரைந்து பார்த்தேன்.

பிறகுதான் இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். வாங்கியவர்கள் எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்று அது காட்டும். முக்கால்வாசிப் பேர் விளையாட்டைத் திறக்கவே இல்லை. கணக்கெடுப்பதில் ஏதோ கோளாறு என்று நினைத்து அன்று முழுவதும் அதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களை ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொன்னாள். பெரியப்பா கூப்பிடுகிறார் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கணவர் கத்தோலிக்கர். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, பந்தியும் இல்லை. அன்றிலிருந்து பெரியப்பா என்னிடம் பேசியதில்லை. நான் எதிரே வந்தால் தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பெரியப்பா என் கணவரைப் பார்த்து, "உக்காருங்கோ மாப்பிள்ளை" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். காபி நல்ல சூடு என்பதுதான் மனதில் பட்டது.

பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்களும் பண்ணிட்டோம்டி. பேரன்கள் பேர்ல மூணு."

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் விளக்கினாள், அதுவும் பெருமையாக. முப்பது வருடமாக யார் வீட்டுக் கல்யாணம், சீமந்தம், பூணூல் என்றாலும் அம்மா தவறாமல் போய் மொய் வைத்திருக்கிறாள். அவளுக்கு இருப்பது ஒரே பெண். அந்தப் பெண்ணும் மண்டபமே எடுக்காமல் கல்யாணம் செய்துகொண்டதில், திருப்பிச் செய்ய யாருக்கும் வழியில்லாமல் போய்விட்டது. இப்போது வழி கிடைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, என் பெண் ஆத்து விசேஷம் இது என்று சொல்லியிருக்கிறாள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லி ஒவ்வொரு வீடும் வாங்கியிருக்கிறது. தங்கள் வீட்டுக்கு அம்மா எவ்வளவு வைத்தாளோ அதற்கு ஏற்றபடி ஒன்று, இரண்டு, மூன்று. மொய்க் கவரைப் பிரித்து விளையாட யார் உட்காருவார்கள்?

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, மனசு அப்படி இருந்தது.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. கணவர் இன்னும் அந்த 'மாப்பிள்ளை'யிலேயே இருந்தார். பிறகு கேட்டார்.

"வித்தது வித்ததுதானே?"

"வித்ததுதான். ஆனா அவங்க வாங்குனது நம்ம கல்யாணத்தைங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது யாருடைய கையோ மாதிரி இருந்தது.

உறவுகளைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அன்று மாலை பார்த்தேன். ஒரு மினி பஸ்ஸே நிறையாது. அவர்களில் சிலர் மலை உச்சிவரை போயிருந்தார்கள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாதம் முடியக் காத்திராமல், வேலைக்கு வருகிறேன் என்று மேனேஜருக்கு எழுதினேன். இரண்டு வரிதான்.

உறவுகள் வாங்கியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அத்தனை பேருடைய மொய்யையும் முகத்தில் விட்டெறிந்த மாதிரி ஆகிவிடும். பெரியப்பா மறுபடி தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவார்.

சென்னைக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது. அவள் குரலில் அவ்வளவு தெம்பைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"அடுத்தது எப்போடி போடப்போறே? இன்னும் நாலஞ்சு பேர் பாக்கி இருக்கா."

பார்க்கலாம்மா என்றேன்.