எனக்கு சிகரெட் தராத கடைகள்

சிகரெட்டை விட்ட பதினோராம் நாள் ஒரு திருட்டுத்தனம் செய்தேன்.

பொம்மனஹள்ளியில் எங்கள் கம்பெனி வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் செல்வி அக்காவிடம், “நானே கேட்டாலும் தராதீங்க” என்று சொல்லி வைத்திருந்தேன். அப்போது அவர் செல்போனில் என்னைப் படம் பிடித்தார். விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்தப் பதினோராம் நாள் சூப்பர்வைசரோடு சண்டை. அக்கா கண்ணில் படாமல், நான்கு தெரு தள்ளி, முன்பின் தெரியாத கடையில் போய் நின்று சிகரெட் கேட்டேன். கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கடலை மிட்டாயை நீட்டினார்.

“உனக்கு சிகரெட் கிடையாது குரு. செல்வி அக்கா உன் போட்டோவ கடைக்காரங்க குரூப்ல போட்டிருக்காங்க. இந்த ஏரியாவுல யாரும் தரமாட்டோம்.”

முதலில் கோபம்தான் வந்தது. மிட்டாயைக் கடித்துக்கொண்டே திரும்பினேன். வியாபாரம் போனால் போகட்டும் என்று அவர்களே பிடிவாதமாக இருக்கும்போது, எனக்கென்ன கேடு? அதன்பிறகு எந்தக் கடையிலும் நான் கேட்கவில்லை.