தம்பிக்குப் புத்தி கேட்க மரக்காணம் போன கதை

2006 மார்ச், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மரக்காணம் கிளம்பினேன். ஊர் சுற்ற இல்லை. அனுமந்தையில் இருக்கும் என் தம்பி அந்தோணியைக் கையோடு சென்னைக்கு அழைத்து வரத்தான். சுனாமிக்குப் பிறகு அவன் கடலில் கால் வைக்கவில்லை. ஃபைபர் போட் ஓட்டியவன், மனைவி ரோசியோடு உப்பளத்தில் கூலி வேலை செய்கிறான். தெரிந்தவர் குடோனில் அவனுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். "ஆண்டவரே, ஞானத்தைக் கொடும்" என்று தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இல்லை, அவனுக்கு. எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே!

கோயம்பேட்டில் காலை ஆறரைக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போகும் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். இடது பக்கம் உட்காருங்கள், அவ்வப்போது கடல் தெரியும். மரக்காணத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"உப்பளமா? இந்த வெயில்ல அங்க இன்னாக்கா இருக்குது? கூனிமேடு பக்கம் போனா சும்மா ஜில்லுனு காத்து வரும்" என்றார் டிரைவர்.

"தம்பியைப் பாக்கப் போறேம்பா."

"அப்ப கொடையாவது எடுத்தாந்தீங்களா? கண்ணு கூசிப் போயிடும்."

குடை கொண்டு வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாக வெள்ளை, நடுநடுவே உப்புக் குவியல். அந்தோணி நீளக் கைப்பிடிப் பலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தான். கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியே நின்றான். மதியம் வரை பார்த்தேன், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இவனை இங்கே விட்டுவிட்டுப் போவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, அந்தப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். உப்பு வாரும் காலத்தில் எல்லோரும் பாத்தியில்தான் கிடக்கிறார்கள் என்பதால், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை வீட்டில் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் கரையிலேயே வட்டமாக உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். தன் மன்றாட்டைத் தானே சொல்லக் கூடாது. இடது பக்கம் இருப்பவர் காதில் சொல்ல வேண்டும், அவர்தான் சத்தமாக ஜெபிப்பார்.

"இது என்னடி புதுசா இருக்குது?" என்றேன் ரோசியிடம்.

"நமக்குன்னு நாமே பேசினா வக்கீல் மாதிரி வாதாடிடுவோம் அண்ணி. அடுத்தவங்க வாயில வந்தாத்தான் உண்மை வரும்" என்றாள்.

சரி, ரோசி காதில் சொல்லிவிடலாம் என்று அவளை இடது பக்கம் இருத்திக்கொண்டேன். ஜெபம் ஆரம்பிக்கும் நேரத்தில் அவள் தண்ணீர்க் குடத்தை எடுக்க எழுந்து போனாள். அந்த இடத்தில் பொத்தென்று வந்து உட்கார்ந்தவன் அந்தோணி! என் முறை வந்தது. நான் அசருகிற ஆளா? அவன் காதிலேயே சொன்னேன்: "என் தம்பிக்கு நல்ல புத்தி வரணும். என்கூட மெட்ராஸ் வரணும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னான்: "ஆண்டவரே, எங்க அக்கா தம்பிக்காகப் புத்தி கேக்குது. பாசத்துலதான் கேக்குது. ஆனா உனக்கு என்னடா வேணும்னு தம்பிகிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. அதைக் கேக்குற மனசை அக்காவுக்குக் குடுங்க."

"கேட்டருளும்" என்றது மொத்த வட்டமும். எனக்கு முகம் எரிந்தது. கோபம்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அந்தக் கோபம் வட்டம் கலைவதற்குள் எங்கேயோ போய்விட்டது. ஆண்டவரிடம் இத்தனை நாள் கேட்ட நான், இவனிடம் நிஜமாகவே கேட்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"உனக்கு என்னடா வேணும்?"

"கடலுக்குப் போகணும்க்கா. பயமா இருக்குது. ரோசியால கடலைப் பாக்கவே முடியலை. நீ கரையில நில்லு. நான் திரும்பிப் பாக்கும்போது ஆளு ஒண்ணு தெரியணும், அவ்ளோதான்."

சனிக்கிழமை விடிந்ததும் அனுமந்தைக் கரையில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரரின் போட்டில் ஏறினான். அலையைத் தாண்டும் வரை என் கையில் ஜெபமாலை வழுக்கிக்கொண்டே இருந்தது. "போகலாமா, வேண்டாமா என்று நீரே சொல்லும்" என்று கேட்கவில்லை. "அவன்கூட இரும்" என்று மட்டும் கேட்டேன். அவன் நாலு தடவை திரும்பிப் பார்த்தான். நாலு தடவையும் முந்தானையை உயர்த்தி ஆட்டினேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். மீன் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரிக்கு மேல் போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். குடை, குடிதண்ணீர், பழைய செருப்பு கட்டாயம். வெள்ளிக்கிழமை அன்பியத்தில் உட்கார்ந்தால் இடது பக்கம் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞானம் கேட்டால் ஆண்டவர் கொடுக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் வாயில் வரும் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

திங்கட்கிழமை குடோனுக்குப் போன் செய்து, ஆள் வர மாட்டான் என்று சொல்லிவிட்டேன். தினசரி ஜெபத்தை இன்னும் விடவில்லை. "அவனுக்கு" என்ற இடத்தில் "எனக்கு" என்று மாற்றியிருக்கிறேன்.