வில்லுக்குள் மாட்டிய கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூத்தில் இருபது வருடமாக நான்தான் கோமாளி. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கோமாளிக்கு விரதம் கிடையாது. வசனம் மறந்தால் அதுவும் வேடிக்கை. கீழே விழுந்தால் கைதட்டுவார்கள். போன வருடம் இந்தச் சௌகரியத்துக்கு முடிவு வந்தது. வில்லோடு கம்பம் ஏறும் வேஷத்தை நாங்கள் ‘வில்லு ராசா’ என்போம். அதை ஆடிவந்தவர் லயத்தில் எனக்கு அடுத்த அறை, அதாவது பக்கத்துக் காம்பராக்காரர். அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். மடுல்சீமைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இப்போது வேஷம் கட்ட ஆம்பிளை தேடுவதும் அடைமழையில் காய்ந்த விறகு தேடுவதும் ஒன்றுதான். கோயில் கமிட்டிக்காரர்கள் சுற்றிச்சுற்றி வந்து கடைசியில் என் வாசலில் நின்றார்கள்.

“அண்ணே, ஒங்களை விட்டா ஆளில்ல.”

“ராசாவைப் பார்த்துச் சனம் சிரிக்குமேப்பா.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். வேஷம் நிக்காம இருந்தாப் போதும்.”

எனக்குப் பயம் கம்பத்தில் இல்லை, வில்லில்தான். மற்றத் தோட்டங்களில் மூங்கிலை வளைத்து ஜிகினாத்தாள் ஒட்டுவார்கள். எங்களுடையது நிஜ வில். எந்தக் காலத்திலோ மகியங்கனைக் காட்டுப் பக்கம் ஓர் ஆதிவாசியிடம் புகையிலை கொடுத்து வாங்கியது என்று பேச்சு. ஆளுயரம் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் பூசியிருக்கும். முன்பு அதற்கு மரப்பட்டை நாரில் நாண், இப்போது நைலான் கயிறு. வருடம் முழுக்க நாண் அவிழ்ந்து கோயில் விட்டத்தில் கிடக்கும். கட்டியே வைத்தால் மரம் களைத்துவிடுமாம். கூத்துக்கு முதல் நாள் அதை இறக்கி ராசாவிடம் கொடுப்பார்கள். அவர் குளித்து, பட்டினியோடு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நாண் ஏற்ற வேண்டும். வேறு கை பட்டால் வில்லின் வீரியம் போய்விடும். இது தோட்டத்துச் சட்டம்.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். மகள் கட்டுநாயக்கவில் தையல் ஃபெக்டரியில். காம்பராவில் நானும் ஒரு ரேடியோவும்தான். பேச்சு முழுவதும் அதனுடையது. வெளியே காலை வைத்தால்தான் நான் கோமாளி.

கொழும்புக்குப் போன் போட்டு, எப்படிக் கட்டுவது என்று பழைய ராசாவைக் கேட்டேன்.

“அது சாமி காரியம்ணே. தனியா நின்னாத் தானா வரும்” என்றார்.

தானாக வராது என்று எனக்குத் தெரியும். போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்து ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தேன். ஒருவர் நல்ல தமிழில் விளக்கினார். துருக்கியிலும் மங்கோலியாவிலும் கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த விற்கள், நாண் இல்லாதபோது முன்பக்கம் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளை நம்பி அதே பக்கம் மடக்கி எத்தனையோ பழைய விற்களை உடைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம்தான் வளைக்க வேண்டும். முதலில் விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும். முனைக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. பழகும்வரை ஆள் துணை இல்லாமல் செய்யக் கூடாது.

கடைசி யோசனையைத் தோட்டத்துச் சட்டப்படி தள்ளிவிட்டேன். முதல் யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வில்லும் ஒரு பக்கம் லேசாக வளைந்துதான் கிடந்தது. அது சாதாரண ஒற்றை மரம், வருடக்கணக்காக நாண் இழுத்து விழுந்த வளைவு என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அதைத் துருக்கி வில்லாக்கி எதிர்ப்பக்கம் மடக்கினேன்.

கீழ் முனையை இடது கணுக்காலில் கொடுத்து, வலது காலை நாணுக்கும் வில்லுக்கும் நடுவே நுழைத்து, தொடையில் அண்டக்கொடுத்து மேல் முனையை இழுத்தேன். மரம் முனகியது. நாணின் கண்ணி மேல் முனையை எட்டியது. ஆனால் நாண் தங்கும் வெட்டுக்குள் விழாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. தள்ளவும் பலமில்லை, விடவும் தைரியமில்லை. விட்டால் அந்த முனை நேரே என் வலது கண்ணுக்குத்தான் வரும். இடது கண்ணில் பூ விழுந்து வெகுகாலம். வலது கண் ஒன்றுதான் எனக்குப் பாக்கி.

மெதுவாகத் தளர்த்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பயத்துக்கு ‘மெதுவாக’ என்ற வார்த்தை தெரியாது. கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, குலசாமியில் ஆரம்பித்து கதிர்காமம் வரை எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். ஜன்னலில் அந்த வீடியோக்காரர் நிதானமாக, “பதற்றப்படக் கூடாது” என்றார்.

சட்டமாவது மண்ணாவது என்று கத்தினேன். “யாராச்சும் வாங்களேன்! கண்ணு போச்சு! ஐயோ, செத்தேன்!”

முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அண்ணன் ஒத்திகையை ஆரம்பிச்சிட்டாரு!”

“நெசமாத்தான்டா சொல்றேன்!”

“அண்ணே, ராசா இப்பிடி அழ மாட்டாரு. கோமாளி கொரல் வருது, மாத்துங்க!”

சிரித்தபடியே அவர்கள் பந்தல் வேலைக்குப் போய்விட்டார்கள். இருபது வருடம் சம்பாதித்த பேர் அன்றைக்கு வட்டியோடு திரும்பி வந்தது. அதற்குமேல் நான் கத்தவில்லை. நிஜமாகவே ஆபத்து என்று நம்பவைக்க எனக்கு வேறு குரல் இல்லை. போனை எட்டினாலும் குவைத்துக்கு எடுத்து என்ன சொல்வது, கால் வில்லுக்குள் மாட்டிவிட்டது, வா என்றா? தொடை மரத்துப்போனது. வீடியோவும் முடிந்துவிட்டது.

கதவு திறந்தது. தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம். என் சோம்பேறித்தனத்துக்குக் கும்பிடு. பழைய ராசாவின் சம்சாரம் நின்றது. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருக்கும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அப்படியே இருந்தது.

“என்னங்கண்ணே இது?”

“இவ்வளவு நேரம் கத்தினேனே, தங்கச்சி.”

“கத்துறப்ப நானும் சிரிச்சேன். சத்தம் நின்னுபோச்சு, அதான் வந்தேன்.”

படங்குச் சாக்கை அவிழ்த்து மேல் முனையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. “மொகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க. இப்ப விடுங்க. மெதுவா, மெதுவா.” மரம் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது, வியர்வை என்று சொன்னேன்.

தங்கச்சி வில்லைத் தடவி விரிசல் பார்த்தது. இல்லை. “தலைகீழா மடக்கியிருக்கீங்க. மஞ்சள் பூசின பக்கம் கட்டுறவரைப் பார்க்கணும்ல?”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எங்க வீட்டு மனுசன் கட்டுறப்பல்லாம் மேல் முனையைப் புடிச்சது யாருன்னு நெனச்சீங்க? அவருக்கு முன்னாடி ஆடினவருக்கும் சம்சாரம்தான் புடிச்சாங்களாம்.”

“தனியா கட்டணும்னு...”

“கதவைச் சாத்திட்டாத் தனிதானே” என்று சிரித்தது.

ஆக, தோட்டம் தோன்றிய நாள் முதல் அந்தச் சட்டத்தை நம்பிய ஒரே ராசா நான்தான். முனையைப் பிடிக்க வீட்டில் ஆளில்லாத ராசாவும் நான்தான்.

மஞ்சள் பக்கத்தை என்னை நோக்கித் திருப்பினேன். தங்கச்சி முனையைப் பிடிக்க, நான் வளைக்க, கண்ணி வெட்டுக்குள் ‘டொக்’கென்று விழுந்தது. இரண்டு நிமிட வேலை. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிடாதீங்க, மரம் போயிரும் என்று சொல்லிவிட்டு, படங்கை உதறிக் கட்டிக்கொண்டு போனது.

சாயந்தரம் மனைவி குவைத்திலிருந்து போன் போட்டாள். கண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அவள் என்ன செய்ய முடியும்?

“வில்லு கட்டியாச்சா?”

“கட்டியாச்சு.”

“தனியாவா?”

லயத்துக் காம்பராக்களை மறைக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. அந்தப் பக்கம் தங்கச்சியும் கொழும்பில் இருக்கும் புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தது. “ஆமாங்க, யாரும் போகல. அவரேதான் தனியாக் கட்டினாரு” என்பது தெளிவாகக் கேட்டது.

“ஆமா புள்ள” என்றேன் நானும். “தனியாத்தான்.”