மச்சானின் சிவப்பு ஒயர்

அக்கா புருஷன் நீட்டுகிற தண்ணீர் டம்ளரை வாங்கும்போதுகூடக் கம்பிக்குத் தொண்டையில் ஒன்று அடைக்கும். பல வருஷமாக இப்படித்தான். சண்டை போட்டதில்லை, பேச்சை நிறுத்தியதில்லை. வாயைத் திறந்தால் அக்கா குடும்பம் சந்தி சிரிக்கும். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறான்.

பகலெல்லாம் டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். சாயங்காலம் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிட்டார் எடுப்பான், அதனால்தான் கம்பி என்ற பெயர். மச்சான் சவுண்ட் சர்வீஸ்காரர். சொந்தமாக ஒரு பாட்டுக் குழுவும் வைத்திருந்தார், அதில் கிட்டார் வாசித்தது கம்பிதான். கம்பிக்கு முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஆள் வந்து கம்பியின் வாசிப்பைக் கேட்டார். கை நல்லா இருக்கு, சத்தம்தான் தகரம் மாதிரி இருக்கு என்றார். பழைய வால்வு ப்ரீஆம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தால் வேலை நிச்சயம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கிட்டாரின் மெலிந்த சத்தத்தை முதலில் வாங்கி, சூடேற்றி, கனமாக்கிக் கொடுக்கிற பெட்டி அது. கம்பியின் ரேக்கில் மற்றதெல்லாம் இருந்தது. அந்த ஒரு தட்டு மட்டும் விழுந்த பல் மாதிரி காலியாகக் கிடந்தது.

புதுசு வாங்க அவன் பரம்பரைக்கே வக்கில்லை. பழசு எங்காவது மலிவாக வருகிறது என்று காதில் விழுந்தால் ஓடுவான். கூடவே மச்சானும் வருவார். ஊரான் ஒயரை நம்பி எதையும் சோதிக்கக் கூடாது என்று கிட்டாரைப் பெட்டியோடு இணைக்கிற தன்னுடைய சிவப்பு ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வருவார். செருகியதும் 'ஊம்' என்று இரையும். மச்சான் உதட்டைப் பிதுக்குவார். டிரான்ஸ்பார்மர் போயிடுச்சு மாப்ளே, பொணத்துக்குப் பொட்டு வைக்காதே என்பார். இன்னொரு இடத்தில் கெபாசிட்டர் போச்சு என்பார். கடைசியாக, கை நடுக்கத்தால் வாசிப்பை விட்ட ஒரு பெரியவர், நீ வாசிப்பியா, கையில இருக்கிற காசைக் கொடு என்று தன் பெட்டியைத் தூக்கியே கொடுக்க வந்தார். அதுவும் இரைந்தது. பெரியவர் திகைத்து, நேத்துவரை நல்லா பாடுச்சேப்பா என்றார். கம்பி மச்சான் முகத்தைப் பார்த்தான். மச்சான் தலையை ஆட்டினார். திரும்பி வந்துவிட்டார்கள்.

கூடத்துக்கு வேறு ஆள் போய்விட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மேடையில் கம்பியின் ஒயர் அறுந்தது. மச்சானுடைய பெட்டியைத் துழாவி அந்தச் சிவப்பு ஒயரை எடுத்துச் செருகினான். ஒருநாளும் இரையாத அவனுடைய ஓட்டை ஆம்ப் 'ஊம்' என்றது. ஓரமாக உட்கார்ந்து ஒயர் முனையிலிருந்த பின்னைத் திருகிக் கழற்றினான். ஒயரின் வலைக்கம்பிக்கும் பின்னுக்கும் நடுவில் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்திருந்தது, எந்த நல்ல பெட்டியையும் இரைய வைக்கிற மின்தடை. தேய்ந்து போனது, இற்றுப் போனது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை. மச்சானுடைய பற்றவைப்பு அவனுக்குத் தெரியாதா? கண்ணாடி மாதிரி மினுங்கியது.

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான். அவர் பார்த்தார், மறுக்கவில்லை.

"நீ போயிட்டா என் மேடையில எவன்டா வாசிப்பான்?" என்றார்.

"சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனே மச்சான்."

"இருந்திருக்க மாட்டே."

அது உண்மைதானா என்று கம்பிக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள விடாமல் செய்ததுதான் அவனை அதிகம் அறுத்தது. அக்கா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

குழு பிறகு தானாகவே கலைந்தது. மச்சானுக்குக் காது மந்தமாகி, ஸ்பீக்கர்களெல்லாம் கைமாறின. அக்கா மகள் மட்டும் கிட்டாரை விடவில்லை. வெளியூர்க் குழு ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. போன வாரம் மச்சான் டயர்க் கடைக்கே வந்துவிட்டார். கம்பி ஸ்டூலைத் தட்டிக் காட்டினான். அவர் உட்காரவில்லை. கம்பி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"உன் மருமகளுக்கு ஒரு பழைய வால்வு ப்ரீஆம்ப் பார்த்துக் கொடு மாப்ளே," என்றார் மச்சான். "நீயே போய்ப் பாரு. நான் கூட வரல."