குடிலுக்கு வந்த ராகி முளை

ஜெசிந்தா டீச்சர் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னாள். நான் உடனே அழவில்லை. எப்போது, எப்படி, கடைசியாக என்ன சாப்பிட்டார், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனேன். "அம்மா சொன்ன மாதிரியேதான் இருக்கீங்க அத்தை" என்றாள் அந்தப் பெண். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

எண்பதுகளில் ஏரியூரில் அவர் பால்வாடி டீச்சர், நான் பக்கத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். ஒரே தெருவில் குடியிருந்தோம். எங்களுடையது விவசாயக் குடும்பம். வேதக்காரர் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. மாதா படத்துக்கு எதற்கு மல்லிகைப்பூ, சாமிக்கு முன்னால் ஏன் முட்டி போடுகிறீர்கள் என்று நச்சரிப்பேன். "கேளுங்க, எனக்கே பாதி தெரியாது. நீங்க கேட்டாத்தான் யோசிக்கிறேன்" என்பார். இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலரிடமும் இதையே சொல்லியிருப்பார்.

டீச்சர் தானே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணம் அவருடையது. கம்பைநல்லூர் பக்கம் வெள்ளாமை செய்துகொண்டிருந்த அவர் அப்பா அதிலிருந்து மகள் வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தும் வரவில்லை. பேத்தி நடக்கத் தொடங்கிய வருஷம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: கிறிஸ்மஸ் பூசைக்கு வருகிறேன், பேத்தியை வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன், உள்ளே வர மாட்டேன்.

அதற்காக டீச்சர் பட்ட பாடு சொல்லி மாளாது. சுண்ணாம்பு அடித்தார். வண்ணத்தாளில் நட்சத்திரம் ஒட்டினார். முறுக்குக்கு மாவு இடித்தார். அப்பா உட்கார என்று புதுப்பாய் ஒன்று வாங்கி வைத்தார். "உள்ள வரமாட்டேன்னவருக்கு எதுக்கு டீச்சர் பாயி?" என்று கேட்டே விட்டேன். "நம்ம பக்கம் வூடு ரெடியா இருக்கணுங்க. வர்றதும் வராததும் அவங்க பாடு" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

ஏசு பிறந்த மாட்டுக்கொட்டாயாக வீட்டில் கட்டும் குடிலுக்குப் பசும்புல் வேண்டும் என்று ஒரு மூங்கில் தட்டில் மண் நிரப்பி ராகி விதைத்திருந்தார். அவர் வீட்டுக் கோழிகள் முளையை விட்டுவைக்காது என்று அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அங்கேதான் வினை. என் மாமியார் அதைப் பார்த்த மாத்திரத்தில் முளைப்பாரி என்று முடிவு கட்டிவிட்டார். மாரியம்மன் பண்டிகைக்குப் போடுவது போலவே, குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளித்தார். மூங்கிலைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் வைத்தார். "இது அவங்க சாமிக்குங்க அத்தை" என்றேன். "எந்தச் சாமிக்கா இருந்தா என்ன, மொளை மொளைதான்" என்றார்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் சாயங்காலம் மாமியார் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தெருப்பெண்கள் நாலு பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் வாசலில் அவர் அப்பா வந்து நின்றிருந்தார். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கிவிட்டிருந்தார். கிளம்பும் நேரம். குங்குமம் வைத்த தட்டைப் பார்த்தால் அந்த மனுஷன் மறுபடி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மாமியார் நேரே அவரிடம் போனார். "கொஞ்சம் புடிங்க, கழுத்து வலிக்குது" என்று தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் முளையை உற்றுப் பார்த்தார். "ராகி நல்லா நெருக்கமா வந்திருக்குதே. எந்த ஊரு வெதைங்க?"

"உள்ளாற வெச்சிட்டுப் பேசுங்க. மொளையக் கீழ எறக்கக் கூடாது."

அவர் தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று மாமியாரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கழுத்து வலித்தது என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பதில் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த நிமிஷத்தை. அத்தனை வருஷம் காத்திருந்த மகள் ஓடிப்போய்க் காலில் விழுவார், கட்டிக்கொண்டு அழுவார் என்று நாங்கள் எல்லோரும் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சர் குடில் பக்கம் திரும்பி, "அப்பா, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைங்க, மாட்டுக்கொட்டாய் மறையுது" என்றார். தினமும் வந்து போகிறவரிடம் சொல்வது போலச் சொன்னார். அவரும் நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப சரியா?" என்றார்.

வீம்பை விட்டு வந்தவர் அதை விட்டுவிட்டார் என்று ஊருக்குக் காட்டாமல் இருக்க டீச்சருக்குத் தெரிந்திருந்தது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். என் வீட்டிலும் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று நான், இந்த ஓட்டை வாய்க்காரி, அவர்களிடம் கேட்டதில்லை. வெங்காயத்தையும் கத்தியையும் கையில் கொடுத்து, நறுக்கச் சொல்லியிருக்கிறேன்.