அம்சவல்லி வறுத்த மருந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்ணை வறுக்கும் வேலை அம்சவல்லி அக்காவுடையது. ஊர் உலகத்தில் கடலை வறுப்பார்கள், இவர் மண் வறுப்பார். நர்சரியில் கன்று நடும் பைகளுக்குப் போகிற மண்ணில் நூற்புழு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும், கன்று மஞ்சளடித்துச் சாகும். அதனால் பெரிய தகரத்தில் மண்ணைக் கொட்டி, அடியில் விறகை எரித்துப் புரட்டிப் புரட்டிச் சூடாக்குவார். புழு வெந்துவிடும்.

குளிரில் நாங்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்கும்போது அவர் மட்டும் வியர்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். அந்தப் பெருமையைவிடப் பெரிய விஷயம் முழங்கால். நர்சரி சமதரை. அதை விட்டால் கொழுந்து வெட்ட மலை ஏற வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்தவருக்கு அது நடக்கிற காரியமா?

போன வருஷம் மருந்துக் கம்பெனியிலிருந்து துளசி என்ற பெண் ஒரு பொடியோடு வந்தாள்.

"இதுல பாக்டீரியா இருக்கு ஆண்ட்டி. அது செய்யுற நஞ்ச புழு சாப்பிட்டா, குடல்ல ஓட்டை போட்டுடும். கொஞ்ச நாள்ல செத்துடும். நமக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா பொடியை முகர்ந்து பார்த்தார். வாசமே இல்லை. மூக்கைப் பிடிக்க வைக்காத எதையும் எங்கள் ஊரில் மருந்து என்று ஒத்துக்கொண்டதில்லை.

"வயித்து வலி வந்து சாகுமாக்கும். எனக்குந்தான் வருது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒண்ணு மட்டும் ஆண்ட்டி. பொடி போட்ட மண்ண வறுத்துடாதீங்க. சூடு பட்டா அந்த நஞ்சு வெந்த முட்டை மாதிரி ஆயிடும். பிரயோஜனமில்ல."

"சரிம்மா" என்றார் அக்கா. தலையும் ஆட்டினார். அவளுடைய கார் ரிங்லெட் ஊருக்கு இறங்கும் சாலையில் மறைந்ததும் பொடி கலந்த மண்ணை அள்ளித் தகரத்தில் கொட்டினார். பச்சை மண்ணைப் பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. நஞ்சும் புழுவும் ஒன்றாக வெந்தன.

கன்றுகள் பிரமாதமாக வந்தன. தோட்டத்து மேனேஜர் யுவனேஸ்வரன் துரை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் ஒரு முடிச்சு இல்லை. எல்லாரும் பொடியைப் புகழ்ந்தார்கள். அக்காவுக்கு வயிறு எரிந்தது, ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி செல்லையா வந்து, வறுக்கும் கொட்டகையை இடிக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பயந்துவிட்டார். நேரே துரையின் ஆபீசுக்குப் போனார்.

"துரை, அந்தப் பொடி ஒண்ணும் பண்ணலைங்க. மண்ண நான் வறுத்துட்டேன். புழுவக் கொன்னது என் நெருப்புதான்லா."

"வறுக்கக் கூடாதுன்னு சொல்லியுமா?"

"பொடிய நம்பி எப்படிங்க விடுறது?"

"இனிமே அந்தப் பொடிய கலக்குற வேலைக்கு உங்களத்தாம்மா போட்டிருந்தேன். நர்சரியிலயே. உங்க முழங்கால நெனச்சுத்தான்."

அக்கா அவசரமாக, "இனிமே வறுக்க மாட்டேங்க" என்றார்.

"போன தடவையும் சரின்னுதானே சொன்னீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை வருஷத்தில் துரைமாரிடம் அவர் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த நேரம் அது. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பொடி கலக்கும் வேலை மோகனாவுக்குப் போனது. சொன்னதற்கு மேல் சுண்டு விரலை அசைக்காத சோம்பேறி அவள். பாக்டீரியாவுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டது. பொடியைக் கலந்தாள், வறுக்கவில்லை, கன்று நட்டாள்.

சில மாதம் கழித்து, மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நர்சரிக்குள் நுழைந்தார். யாரும் பார்க்காதபோது மோகனாவின் கன்றுகளில் ஒன்றைப் பிடுங்கி வேரை உதறினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஒரே ஒரு முடிச்சு இருந்தாப் போதும்டி, துரைகிட்ட ஓடியிருப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நல்ல மருந்துதான்லா."

கன்றைத் திரும்பப் பையில் நட்டு, மண்ணை விரலால் அழுத்திவிட்டார். மறுநாள் கொழுந்து வெட்டும் கத்தரியோடு எனக்கு முன்னால் மலை ஏறினார், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு.